திஸ்ஸமகாராமை இரண்டு நாள் பயணம்: ஊரைக் காட்டாத ஊர்ச் சுற்றுலா

வெள்ளவத்தையிலிருந்து இயங்கும் ஒரு சுற்றுலாச் சேவையின் வேனில், சென்ற மாதம் குடும்பத்துடன் திஸ்ஸமகாராமைக்குப் போய்வந்தேன். அதிகாலை 5 மணிக்கே வேன் வாசலுக்கு வந்துவிட்டது. கொட்டாவையில் தொடங்கும் அதிவேக நெடுஞ்சாலை 2020ஆம் ஆண்டிலிருந்து மத்தளை வரை நீள்வதால், பகல் சாப்பாட்டுக்கு முன்பே திஸ்ஸ வாவிக் கரையில் இறங்கினோம். சாரதியின் ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறையெல்லாம் நிகழ்ச்சி நிரலில்தான். யால பூங்காவுக்கு விடியற்காலையில் ஜீப் ஏறுபவர்கள் இரவு படுத்தெழும் இடமாகவே இந்த ஊரை நடத்துகிறார்கள். தென்னிலங்கையின் பழைய உருகுணை இராச்சியத்தின் தலைநகராக விளங்கிய மாகமை இதுதான். அநுராதபுரத்தை விட்டு வந்த மகாநாகன், அங்கு ஆண்ட மன்னன் தேவநம்பியதீசனின் தம்பி, இங்கேதான் ஆட்சியை நிறுவினான். துட்டகைமுனுவின் தந்தை காவந்தீசன் எழுப்பியதாகக் கூறப்படும் பெருந்தாதுகோபம் (பௌத்தத் தூபி) இன்றும் வயல்களுக்கு மேலாக வெள்ளையாகத் தெரிகிறது. யானைத் தலைகளை வரிசையாகச் செதுக்கிய மதில் சூழ்ந்த யட்டால தாதுகோபத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது பத்தே நிமிடம். ஒரு யானையின் தேய்ந்த துதிக்கையை என் மகள் விரலால் தொடர்ந்துகொண்டிருக்கும்போதே வேன் ஹோர்ன் அடித்தது.

ஜேர்மன் அகழ்வாய்வாளர்கள் இவ்வூரில் கண்டெடுத்த, ஏறத்தாழ 2,200 ஆண்டுப் பழைமையான மட்பாண்டச் சில்லொன்றில் ‘திரளி முறி’ (அவையின் எழுத்து ஒப்பந்தம்) என்னும் தமிழ்ச் சொற்களைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். அவ்வாசிப்பில் அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. தமிழ்க் குடும்பங்களை ஏற்றிச் செல்லும் பயணத்தில் வழிகாட்டி இதைப்பற்றி வாயே திறக்கவில்லை என்பதை என்னால் சீரணிக்க முடியவில்லை. (சிறுத்தைகளைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசினார், நாங்கள் கண்டதோ மான்களும் மயில்களும்தான்.)

பயணத்தின் மிகச் சிறந்த பொழுது நிரலில் இல்லாதது. மாலையில் வாவியின் அணைக்கட்டில் நாங்களாகவே நடந்தோம். கரையோரப் பெருமரங்களில் கரிய பொட்டலங்களாகத் தொங்கிய பழந்தின்னி வௌவால்கள், வெளிச்சம் மங்கியதும் ஒவ்வொன்றாகக் கழன்று நீர்ப்பரப்பின் மேலே பறந்தன. திரும்பும் வழியில், கேட்காமலேயே தயிர்க்கடை ஒன்றில் வேனை நிறுத்திய சாரதிக்கு நன்றி. மண்சட்டியில் கட்டியாக உறைந்த எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கொழும்பில் இந்தச் சுவையில் கிடைப்பதில்லை.

வாகனத்துக்காக இச்சேவையைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் முன்பதிவு செய்யும்போதே யட்டாலவுக்கும் வாவிக்கரைக்கும் அரை நாளாவது ஒதுக்கும்படி எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.