ஒரே சான்றிதழா, ஆலைக்கு ஒன்றா?

பல நாடுகளில் ஆலைகள் வைத்திருக்கும் உற்பத்தி நிறுவனம் ஐஎஸ்ஓ 14001 என்ற சர்வதேசச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் தரநிலையை இரண்டு விதமாக நடத்தலாம். ஒவ்வொரு ஆலையும் தனக்கான சுற்றுச்சூழல் மேலாண்மை முறையை எழுதி, தனித்தனியாகச் சான்றிதழ் வாங்கலாம். அல்லது தலைமையகம் ஒரே முறையை வகுத்து, எல்லா ஆலைகளையும் ஒரே சான்றிதழின் கீழ் கொண்டுவரலாம். நான் வேலை பார்க்கும் நிறுவனம் முதல் வழியிலிருந்து இரண்டாவதற்கு மாறியது. அந்த முடிவை எடுத்த குழுவில் நானும் இருந்தேன், அதனால் என் சாய்வு வெளிப்படை.

எல்லாரும் முதலில் கேட்பது தணிக்கைச் செலவு. ஒரே மாதிரி வேலை செய்யும் 100 ஆலைகள் ஒரே சான்றிதழில் இருந்தால் மாதிரி எடுத்துப் பார்க்க விதி இடம் தருகிறது: முதல் தணிக்கையில் குறைந்தது 10 ஆலைகள், ஆண்டுக் கண்காணிப்பில் 6, மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் மறுசான்றில் 8. தலைமையகத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் பார்ப்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள் தணிக்கை எல்லா ஆலைகளையும் தொட்டாக வேண்டும், அதற்கு ஆளும் பயணமும் நம் கணக்கில்தான். மிச்சத்தை நம்பி மட்டும் மாறாதீர்கள்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது சான்றிதழ் வாங்கிய பிறகான பராமரிப்பு. ஓர் ஆலையின் பெயிண்ட் ஷாப்பில், கசிந்தால் பிடித்துக்கொள்ளும் தடுப்புத் தொட்டி இல்லாமல் கரைப்பான் பீப்பாய்கள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தணிக்கையாளர் என்சி, அதாவது தரநிலைக்கு இணங்காத குறை என்ற பதிவு, எழுதுகிறார். இதே குறை வேறெங்காவது உண்டா என்று பார்க்கச் சொல்கிறது தரநிலையின் 10.2 பிரிவு. தனிச் சான்றிதழில் அந்த 'வேறெங்காவது' ஆலையின் மதிற்சுவரோடு முடிந்துவிடும். தொட்டி கட்டி, படம் எடுத்து அனுப்பினால் என்சி மூடப்படும். அடுத்த ஆண்டு இன்னொரு நாட்டு ஆலையில் அதே என்சி வரும், முந்தையது யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே சான்றிதழில் அதே கேள்வி எல்லா ஆலைகளுக்கும் போகிறது. தரநிலையில் ஒரு வரிகூட மாறவில்லை, எல்லைதான் மாறியது.

தரநிலை மாறும்போதும் இதே கதை. 2015 பதிப்புக்கு மாற 2018 செப்டம்பர் வரை அவகாசம் இருந்தது. தனித்தனி முறை என்றால் ஒவ்வோர் ஆலையும் தன் கையேட்டைத் தானே திருத்த வேண்டும். 2024-இல் காலநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லித் திருத்தம் வந்தது. ஒரே முறையில் தலைமையகம் ஒருமுறை எழுதினால் போதும், ஆலைகள் தங்கள் வெள்ள அபாயத்தையோ தண்ணீர்ப் பற்றாக்குறையையோ சேர்த்துக்கொள்ளும். உமிழ்வுக் கணக்கிலும் பலன் உண்டு. வெளியிலிருந்து வாங்கும் நீராவியை ஓர் ஆலை கணக்கில் சேர்த்து இன்னொன்று விட்டுவிட்டால் நிறுவனத்தின் மொத்தக் கணக்கே பொய்.

மையத்துக்கு எட்டாதது சட்டம். கழிவுநீர் வரம்பும் அபாயக் கழிவின் வகைப்பாடும் நாட்டுக்கு நாடு வேறு. சட்டப் பதிவேட்டையும் இணக்கச் சோதனையையும் ஆலையிலேயே விட்டுவிடுங்கள். தலைமையகம் ஒரு குறைந்தபட்ச அளவை வைக்கட்டும், உள்ளூர்ச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருந்தால் அதுவே செல்லும்.

தனிச் சான்றிதழ்காரர்களின் வலுவான வாதம் ஒன்று உண்டு: ஓர் ஆலை குறையைச் சரிசெய்யாமல் இழுத்தடித்தால் மொத்தச் சான்றிதழும் ஆட்டம் காணும். உண்மைதான். ஆனால் அந்தப் பயம் வந்த பிறகுதான் எங்கள் ஆலை மேலாளர்கள் உள் தணிக்கை அறிக்கையைப் படிக்கவே ஆரம்பித்தார்கள்.

ஆலைகளை அடிக்கடி வாங்கி விற்கும் நிறுவனங்களுக்கு என் கணக்கு பொருந்துமா என்று உறுதி சொல்ல மாட்டேன், எங்களுக்கு அந்த அனுபவம் குறைவு. விற்ற ஆலை பொதுச் சான்றிதழிலிருந்து வெளியேறிவிடும், வாங்குபவர் புதிதாக எடுக்க வேண்டும். விற்பனைப் பட்டியலில் இருக்கும் ஆலைக்குத் தனிச் சான்றிதழே தோது. வார்ப்பாலையும் மின்னணுத் தொகுப்பு ஆலையும் கலந்திருந்தால் தணிக்கைக்கு மாதிரி எடுக்கும்போது இரண்டையும் ஒரே தொகுப்பில் போட முடியாது, தொழில்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.