சுடுதண்ணீர் ஹீட்டர் மாற்றப் போகிறீர்களா? சீலிங் பலகையை மூடும் முன் ஜாயிண்டைப் பாருங்கள்

சிங்கப்பூர் யீஷூனில் ஒரு நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. குளியலறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருந்த 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் அடிப்பக்கம் துருப்பிடித்துச் சொட்ட ஆரம்பித்தது. தீபாவளிக்கு முன் மாற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஆன்லைன் விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுநாளே வந்தார். புது ஹீட்டர், செப்புக் குழாய், 'சில்வர் ஜாயிண்ட்' ஆறு, ஜாயிண்டுக்கு 40 வெள்ளி தனி. மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது, சீலிங் பலகையும் மூடியாகிவிட்டது.

ஜனவரி மழையில் பலகை ஊதிக்கொண்டு தொங்கியது. பக்கத்து அறையில் அலமாரிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பூஞ்சை. ஆளுக்கு ஃபோன் போட்டால், "அக்கா, அது குழாய் வேர்க்கிற தண்ணி. மழைக்காலம்ல, எல்லார் வீட்டுலயும் இருக்கும்" என்று பதில்.

முதலில் இந்தப் பதிலை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதைப் பலரும் நம்பிவிடுகிறார்கள். சுற்றியிருக்கும் காற்றின் பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே குளிர்ந்த பொருள்தான் வேர்க்கும். ஏர்கான் குழாய் வேர்க்கும், ஐஸ் போட்ட கிளாஸ் வேர்க்கும். 60 டிகிரி தண்ணீர் போகிற குழாய் ஒருநாளும் வேர்க்காது. நம் ஊரில் குளிர்நீர்க் குழாயில் வரும் தண்ணீரே ஏறக்குறைய அறை வெப்பத்தில்தான் வருகிறது, அதுவும் லேசில் வேர்க்காது. ஹீட்டரிலிருந்து வெளியேறும் குழாயில் ஈரம் இருந்தால் அது கசிவு. வேறு பேச்சே இல்லை.

பலகையைக் கழற்றிப் பார்த்தபோது ஹீட்டரின் சுடுநீர் வாயிலுக்கு அடுத்த எல்போவில் (குழாய் திரும்பும் இடத்தில் போடும் வளைவுத் துண்டு) பச்சைக் கறை. எல்போவின் அடியில் உருண்டை உருண்டையாகச் சால்டர் (ஜாயிண்டை ஒட்ட உருக்கி விடும் உலோகம்) தொங்குகிறது, சுவர்ப் பக்கமாக இருந்த பாதியில் சால்டர் வளையமே இல்லை. அந்த எல்போவை வெட்டியெடுத்து நீளவாக்கில் அறுத்துப் பார்த்தார்கள். 15 மிமீ குழாய்க்கான எல்போவில் குழாய் சுமார் 11 மிமீ உள்ளே போய் உட்காரும். அதில் வாய்ப்பக்கம் 3 மிமீ அளவுக்குத்தான் சால்டர் பிடித்திருந்தது. மீதி எல்லாம் காய்ந்த ஃபிளக்ஸ், அதாவது சால்டர் பிடிக்க முதலில் தடவும் பசை. அதாவது மூன்று மாதம் அந்த ஜாயிண்டில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தியதில் பாதி வேலை ஃபிளக்ஸ் செய்தது. சூடான தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்ததும் வழி திறந்துவிட்டது. வேலை முடிந்த அன்று கசியாத ஜாயிண்ட் நல்ல ஜாயிண்ட் என்று அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

ஏன் சால்டர் உள்ளே போகவில்லை? இங்கேதான் கைவேலை தெரிந்தவருக்கும் டார்ச் மட்டும் வைத்திருப்பவருக்கும் வித்தியாசம்.

செப்புக் குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். உருகிய சால்டரை அந்தச் சந்து தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும், மேல்நோக்கிக் கூட ஏறும். ஆனால் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சூடாக இருக்க வேண்டும். குழாயை ஹேக்சாவால் அறுக்காமல் ட்யூப் கட்டரால் நேராக வெட்டுவது, உள்விளிம்பில் எழும் பிசிறை ரீமரால் எடுப்பது, குழாயின் வெளிப்பக்கத்தை எமரித் துணியால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பது, ஃபிட்டிங்கின் உள்பக்கத்துக்குத் தனிக் கம்பி பிரஷ், பிறகு குழாயில் மட்டும் மெல்லியதாக ஃபிளக்ஸ், செருகியபின் ஒரு அரைச் சுற்றுத் திருப்பு. தீயைக் காட்டுவது ஃபிட்டிங்குக்கு. சால்டர் கம்பியைத் தீ படாத எதிர்ப்பக்கத்தில் தொட்டுப் பார்க்க வேண்டும். செம்பின் சூட்டிலேயே உருகினால்தான் ஜாயிண்ட் தயார். தீயில் கம்பியை உருக்கிச் சொட்டவிட்டால் அது வெளியே உருண்டையாக உட்காரும், உள்ளே போகாது. 15 மிமீ ஜாயிண்டுக்கு 3 மிமீ தடிமன் கம்பியில் ஏறக்குறைய 15 மிமீ நீளம் போதும். மெழுகுவர்த்தி மாதிரி வழிந்து தொங்கினால் அளவும் தெரியவில்லை, சூடும் சரியில்லை என்று பொருள். சால்டர் உறையும்வரை குழாயை அசைக்கக் கூடாது, ஆறியபின் ஈரத்துணியால் ஃபிளக்ஸைத் துடைத்தெடுக்க வேண்டும். துடைக்காமல் விட்டால் அதுவே செம்பை அரிக்கும். பச்சையாகப் பூப்பது அதுதான்.

இவ்வளவும் தெரிந்திருந்தாலும் ஒரே ஒரு விஷயம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்: குழாய்க்குள் தண்ணீர். ஈயமில்லாத தகரச் சால்டர் உருகச் சுமார் 227 டிகிரி வேண்டும். குழாய்க்குள் ஒரு கரண்டித் தண்ணீர் இருந்தால் அது கொதித்துத் தீரும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. நீராவி வேறு சந்து வழியாக வெளியேறி ஊசிமுனைத் துளை விடும். இந்த வீட்டில் நடந்தது இதுதான். வந்த ஆள் குளியலறையிலிருந்த பழைய ஸ்டாப் வால்வை மட்டும் மூடியிருக்கிறார். அது முழுதாக அடைக்கவில்லை, தண்ணீர் இழையாகக் கசிந்துகொண்டே இருந்தது. வாசலுக்கு வெளியே மீட்டர் பக்கத்தில் இருக்கும் மெயின் வால்வை மூடி, வீட்டில் தாழ்வாக உள்ள குழாயைத் திறந்து வடியவிட்டிருந்தால் பத்து நிமிடம் கூடுதலாக ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

அடுத்து அந்த 'சில்வர் ஜாயிண்ட்'. சால்டரைவிட அதிகச் சூட்டில் வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்டும் பிரேஸிங்கைத்தான் அந்தப் பெயர் குறிக்கும். அந்தக் கம்பி உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும், செம்பு மங்கலான சிவப்பாகக் கனலும். ஆறியபின் ஜாயிண்டின் இருபுறமும் செம்பு கருத்துத் தோல் உரிந்த மாதிரி இருக்கும். இந்த வீட்டுக் குழாயில் அந்தக் கருப்பே இல்லை. குறைந்த சூட்டில் உருகும் சாதாரண மென்சால்டர்தான். மென்சால்டரிலும் சில சதவீதம் வெள்ளி கலந்த வகை உண்டு, அது நல்ல பொருள், குடிநீர்க் குழாய்க்கு ஏற்றது. வீட்டு ஹீட்டருக்கு அதுவே தாராளம். பிரேஸிங் விலை வாங்கிக்கொண்டு மென்சால்டர் போட்டதுதான் ஏமாற்று. அதோடு, ஜாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர் ஜாயிண்டுகளைக் கூட்டத்தான் பார்ப்பார். 15 மிமீ செப்புக் குழாயை பெண்டர் வைத்து வளைக்கலாம். ஆறு ஜாயிண்ட் போட்ட இடத்தில் நல்ல கைக்காரர் இரண்டோடு முடித்திருப்பார். ஜாயிண்ட் குறைந்தால் கசியும் இடமும் குறையும். மொத்த வேலைக்கு ஒரே விலை பேசுங்கள்.

சால்டர் ரீலைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. ஈயமில்லாதது என்று அதில் அச்சாகியிருக்கும். ஈயம் கலந்த கம்பி 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், கைக்கு எளிது, விலையும் குறைவு. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வாங்கியதைச் சிலர் குழாயிலும் ஓட்டிவிடுகிறார்கள். பல் துலக்கும் தண்ணீர் போகும் குழாய் அது. ரீலைக் காட்ட மறுத்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

இப்போது சொல்லப்போவது கசிவைவிடப் பெரிய விஷயம். ஹீட்டரின் குளிர்நீர் வாயிலில் பிரஷர் ரிலீஃப் வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் இறங்கித் தரையில் நீர் வடியும் இடம்வரை வர வேண்டும். இந்த வீட்டில் அந்த வால்வின் வாயைத் த்ரெட் டேப் சுற்றிப் பித்தளைப் பிளக் போட்டு அடைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "சொட்டிக்கிட்டே இருந்துச்சு, அதான் அடைச்சுட்டேன்" என்றாராம், ஏதோ நல்லது செய்த மாதிரி.

அது சொட்டத்தான் வேண்டும். 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 0.4 லிட்டர் விரியும். வாயிலில் ஒருவழி வால்வு இருப்பதால் அந்தத் தண்ணீர் பின்னால் போக முடியாது, ரிலீஃப் வால்வு வழியாகத்தான் கொஞ்சம் சொட்டும். அதை அடைத்தால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் அழுத்தம் டேங்கின் வெல்டிங்கிலும் ஜாயிண்டுகளிலும் போய் விழும். அரைகுறையாகப் பிடித்திருந்த அந்த எல்போ விட்டுக்கொடுத்ததில் இதற்கும் பங்கு உண்டு. தெர்மோஸ்டாட்டும் கெட்டுப்போனால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தத்தில் அடைந்து கிடக்கும். டேங்க் கிழிந்த அந்த நொடியில் அதில் ஒரு பங்கு குபீரென்று ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் கொள்ளளவு சுமார் 1,600 மடங்கு. உங்கள் வீட்டு ரிலீஃப் வால்வு அடைக்கப்பட்டிருப்பதைக் கண்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், சரிசெய்யும்வரை போடாதீர்கள். சூடு பண்ணாத நேரத்திலும் விடாமல் சொட்டினால் வால்வின் இருக்கையில் தூசி இருக்கலாம், லீவரைத் தூக்கித் தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் வால்வை மாற்ற வேண்டும். சின்னப் பாகம்தான்.

மின்சாரப் பக்கமும் அதே கதை. வயர்களை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றி, மூன்று முனை பிளக்கில் போட்டிருந்தார்கள். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், பிளக்கின் உச்ச வரம்பே அதுதான். தொடர்ந்து ஓடினால் பிளக் சூடேறி உருகக்கூடும். ஹீட்டருக்கு லைவ், நியூட்ரல் இரண்டு வயர்களையும் ஒன்றாகத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் வேண்டும், எர்த் வயர் டேங்கில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். 1985க்கு முன் கட்டிய வீடு என்றால் மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். இந்த வேலையைச் செய்ய எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் உள்ள மின்பணியாளர் வேண்டும். குழாயை வெட்டி மாற்றுவதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்றவர். உரிமம் பெற்றவர்கள் பட்டியல் கழகத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது, உரிம எண்ணைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹீட்டர் பெட்டியிலோ உடலிலோ பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். பழைய டேங்கைப் பெயிண்ட் அடித்துப் புதிது என்று மாட்டுவதும் நடக்கிறது, அதனால் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

சொன்ன திறனும் அளவும் உண்மைதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். 25 லிட்டர், 3 கிலோவாட் என்றால் குளிர்ந்த நிலையிலிருந்து 65 டிகிரிக்கு 22 நிமிடம் வாக்கில் ஆகும். 12 நிமிடத்தில் விளக்கு அணைந்தால் டேங்க் சிறியதாக இருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் குறைவாக வைக்கப்பட்டிருக்கலாம். ஒன்று முக்கியம்: சுடுநீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் முதல்முறை சுவிட்சைப் போட வேண்டும். வெறும் டேங்கில் எலிமெண்ட் சில நிமிடத்தில் எரிந்துபோகும், "எலிமெண்ட் தேய்மானம், உத்தரவாதத்தில் வராது" என்பார்கள்.

சீலிங் பலகையை அன்றே மூட விடாதீர்கள். ஒவ்வொரு ஜாயிண்டையும் சுற்றிலும் படம் எடுங்கள், சுவர்ப் பக்கத்துக்குக் கைக்கண்ணாடி பிடித்துப் பாருங்கள். வளையம் முழுதாக இருக்க வேண்டும். ஜாயிண்டுகளில் டிஷ்யூ பேப்பர் சுற்றிவிட்டு, வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடி, மீட்டரில் உள்ள சின்னச் சக்கரம் அசைகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் சூடேறி ஆறட்டும். 2 மீட்டர் செப்புக் குழாய் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். பலவீனமான ஜாயிண்ட் பெரும்பாலும் அப்போதே காட்டிக் கொடுக்கும். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். பலகையை மூடத் திரும்ப வர மாட்டேன் என்பவரிடம் வேலையே கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: வெட்டியெடுத்த எல்போ, பிளக் போட்ட வால்வு, உருகிய பிளக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சரிசெய்ய வருகிற உரிமம் பெற்றவரிடம் என்ன கோளாறு என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஃபோனில் பேசியதை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிப் பதில் வாங்குங்கள், "வேர்க்கிற தண்ணி" மாதிரிப் பதில் குரல் பதிவாக இருந்தால் அதுவும் ஆதாரம்தான். ஹீட்டரிலேயே கோளாறு என்றால் வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் குறை ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பேசித் தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை அங்கே கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது, தேவையும் இல்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. யீஷூன் வீட்டுக்காரர் ஹீட்டர் வேலைக்கான பணத்தோடு சீலிங் பலகை, பூஞ்சை பிடித்த அலமாரி இரண்டுக்கும் சேர்த்தே மனு போட்டிருக்கிறார்.