பழைய ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிபயருக்குக் கணினியிலிருந்து ஒலி: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

எச்டிஎம்ஐ உள்ளீடே இல்லாத, ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்கும் ஒலி தரும் 5.1 ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிபயர்) ஒன்றைப் பல ஆண்டுகளாகக் கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். அதன் பின்புறத்தில் இரண்டு ஆப்டிகல் உள்ளீடுகள், ஒரு கோஆக்சியல் உள்ளீடு, வழக்கமான சிவப்பு வெள்ளை ஆர்சிஏ சாக்கெட்டுகள், டிவிடி ஆடியோ காலத்தில் வழக்கத்துக்கு வந்த ஆறு சேனல் அனலாக் உள்ளீடு ஆகியவை இருக்கின்றன. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்னும் சுருக்கப்பட்ட ஒலி வடிவங்களை அதுவே டீகோட் செய்துகொள்ளும், அதாவது விரித்துச் சேனல்களாகப் பிரித்துக்கொள்ளும். பின்னாளில் வந்த ஒலி வடிவங்களை அது அறியாது. இத்தகைய கருவிகளின் கனமான டிரான்ஸ்ஃபார்மரும் ஆம்ப்ளிபயர் பகுதியும் இன்றும் குறையின்றி உழைப்பதால், உள்ளீட்டு வசதி பழையது என்ற ஒரே காரணத்துக்காக அவற்றை ஒதுக்கிவிடுவது எனக்கு உடன்பாடானதல்ல. எந்தக் கேபிளை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், ஒலியைக் கணினியில் டீகோட் செய்யப் போகிறோமா, ரிசீவரிடம் விட்டுவிடப் போகிறோமா என்று முடிவு செய்துகொண்டால் மற்றவை எளிதாகின்றன.

ஸ்டீரியோ மட்டும் போதும் என்பவர்களுக்கு 3.5 மி.மீ. பிளக்கிலிருந்து இரண்டு ஆர்சிஏ பிளக்குகளாகப் பிரியும் சாதாரணக் கேபிளே போதும். ரிசீவரின் சிடி அல்லது ஆக்ஸ் உள்ளீட்டில் அதைச் செருகலாம். போனோ என்று எழுதியிருக்கும் உள்ளீடு இசைத்தட்டுக் கருவிக்கு மட்டுமே உரியது என்பதால் அதைத் தொடக்கூடாது. கணினியின் ஒலியளவை உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிலையாக வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ரிசீவரின் ரிமோட்டில் செய்வதே நல்லது. கணினியில் ஒலியளவைக் குறைத்து ரிசீவரில் கூட்டினால், ஹெட்ஃபோன் ஜாக்கின் மெல்லிய இரைச்சலும் சேர்ந்து பெருகிவிடும்.

இந்த வழியின் உண்மையான தொல்லை ரீங்காரம். கணினியும் ரிசீவரும் வெவ்வேறு பாதைகளில் எர்த்துடன் இணைந்திருக்கும்போது, ஒலிக் கேபிளின் வெளி உறையும் சேர்ந்து ஒரு வளையம் உருவாகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டமே 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகவும் அதன் மடங்குகளாகவும் ஸ்பீக்கரில் கேட்கிறது. லேப்டாப்பாக இருந்தால் சார்ஜரிலிருந்து வரும் கீச்சொலியும் சேர்ந்துகொள்ளும்; திரையை உருட்டும்போது அந்த ஒலி மாறுவதைத் தெளிவாகக் கேட்கலாம். சார்ஜரைக் கழற்றியவுடன் சத்தம் நின்றால் காரணம் உறுதியாகிவிடுகிறது. இரு கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் பெறச் செய்வதும், இடையில் ஒரு சிறிய ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்ப்பதும் பெரும்பாலும் பலன் தருகின்றன. மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும்படி சிலர் கூறும் யோசனையை எந்தச் சூழ்நிலையிலும் பின்பற்ற வேண்டாம். அந்த முனை உயிரைக் காப்பதற்காக இருக்கிறது. எந்த ரீங்காரமும் அதற்கு ஈடான காரணமாகாது.

நான் நெடுங்காலமாகச் சார்ந்திருப்பது ஆப்டிகல் இணைப்பை. 1983-இல் டோஷிபா அறிமுகப்படுத்திய டாஸ்லிங்க் என்னும் இந்த முறையில், சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை வழியாகச் சிவப்பு ஒளி செல்கிறது. கணினிக்கும் ரிசீவருக்கும் இடையே மின்தொடர்பே இல்லாததால் மேற்சொன்ன வளையம் உருவாக இடமில்லை. மௌனமான காட்சியில் ஸ்பீக்கர்கள் முற்றிலும் மௌனமாக இருக்கின்றன. எனக்கு இந்த வழியின் மீது உள்ள பற்றுக்கு முதல் காரணம் அதுதான். மதர்போர்டில் ஆப்டிகல் வெளியீடு இல்லாதவர்கள், அந்த வசதியுள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றைப் பயன்படுத்தலாம். கேபிளைக் கூர்மையாக மடிக்காமல், முனையிலுள்ள பாதுகாப்பு மூடியைக் கழற்றிய பிறகே செருக வேண்டும். கோஆக்சியல் இணைப்பும் இதே தரவைத்தான் மின் சமிக்ஞையாகக் கொண்டு செல்கிறது. ஆனால் அதில் செம்புக் கம்பி இருப்பதால் ரீங்காரத்துக்கான வாய்ப்பும் திரும்பி வருகிறது.

ஆப்டிகலின் எல்லையைத் தொடக்கத்திலேயே புரிந்துகொள்வது அவசியம். ஆப்டிகலும் கோஆக்சியலும் பின்பற்றும் எஸ்பிடிஐஎஃப் என்ற தரம் சுருக்கப்படாத ஒலியில் இரண்டு சேனல்களுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியது. ஆறு சேனல்கள் செல்ல வேண்டுமானால் அவை டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கப்பட்டிருக்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ நொடிக்கு 1536 கிலோபிட் இடத்தை எடுத்துக்கொள்கிறது. டால்பி டிஜிட்டலின் உச்சமான 640 கிலோபிட்டும், டிடிஎஸ்ஸின் 1509 கிலோபிட்டும் அந்த இடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. டால்பி டிஜிட்டல் பிளஸ், ட்ரூஎச்டி போன்ற பின்னாளைய ஒலி வடிவங்களை இதில் அனுப்ப இயலாது. எனவே ஒரு விளையாட்டு 5.1 ஒலியைக் கணினிக்குள் உருவாக்கினாலும், ஆப்டிகல் வழியாக வெறும் ஸ்டீரியோவே வெளியே வருகிறது. கேபிள் பழுது என்றோ ரிசீவர் பழுது என்றோ பலர் நினைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

திரைப்படக் கோப்புகளுக்குப் பாஸ்த்ரூ என்ற வசதி தீர்வாகிறது. கோப்பில் உள்ள டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் தடத்தைக் கணினி தொடாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பிவிடும். விஎல்சி, எம்பிவி, கோடி ஆகிய மூன்று பிளேயர்களிலும் இதற்கான அமைப்பு இருக்கிறது. அதை இயக்கியதும் ரிசீவரின் முகப்பில் டால்பி டிஜிட்டல் விளக்கு எரிந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். டிடிஎஸ் எச்டி மாஸ்டர் ஆடியோ தடங்களுக்குள் பழைய ரிசீவருக்குப் புரியும் டிடிஎஸ் தடம் உட்கருவாகப் பொதிந்திருப்பதால் அந்தப் பகுதி மட்டும் சென்று சேரும். ஏஏசி என்னும் வேறொரு சுருக்க வடிவில் 5.1 தடமுள்ள கோப்புகள்தான் சிக்கலானவை. இவற்றை ரிசீவர் அறியாது. கோடியில் சேனல் எண்ணிக்கையை 2.0 என்று வைத்து, பாஸ்த்ரூவையும் டால்பி டிஜிட்டல் டிரான்ஸ்கோடிங்கையும் இயக்கிவிட்டால், இத்தகைய தடங்களை அது ஓடும்போதே டால்பி டிஜிட்டலாக மாற்றி அனுப்புகிறது. இந்த ஒரு வசதிக்காகவே திரைப்படங்களுக்கு நான் கோடியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றுவரை அதை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

கணினியில் எழும் எல்லா ஒலிகளையும் ஆறு சேனல்களில் பெற விரும்புவோருக்கு, அவற்றை ஓடும்போதே டால்பி டிஜிட்டலாகவோ டிடிஎஸ்ஸாகவோ சுருக்கி அனுப்பும் டால்பி டிஜிட்டல் லைவ், டிடிஎஸ் கனெக்ட் ஆகிய நுட்பங்கள் உண்டு. சவுண்ட் கார்டின் டிரைவரில் உரிமத்தோடு வந்தால் மட்டுமே இவை கிடைக்கும் என்பதால், ஆப்டிகல் வெளியீடு இருப்பதாலேயே இவையும் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. டால்பி டிஜிட்டலின் ஒரு சட்டகம் (ஒருமுறைக்குச் சுருக்கப்படும் ஒலித் துண்டு) 1536 மாதிரிகளைக் கொண்டது. 48 கிலோஹெர்ட்ஸில் அதுவே 32 மில்லிநொடி. சட்டகத்தை நிரப்பி, சுருக்கி, அனுப்பி, ரிசீவரில் விரிப்பதற்குள் தாமதம் கூடிவிடுகிறது. படம் பார்க்கும்போது பிளேயரே இதை ஈடுகட்டிக்கொள்ளலாம். விரைவான விளையாட்டுகளில் துப்பாக்கியின் ஒளிக்கும் ஒலிக்கும் இடையிலான இடைவெளி தெரிகிறது.

உதடசைவும் பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் எந்தக் கருவியில் திருத்துவது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ரிசீவரால் ஒலியைப் பிந்தச் செய்ய முடியுமே தவிர முந்தச் செய்ய முடியாது. ஆகவே ஒலி பிந்தி வந்தால் பிளேயரில்தான் சரிசெய்ய வேண்டும். விஎல்சியில் ஜே, கே விசைகள் இதற்காகவே இருக்கின்றன.

அன்றாடப் பயன்பாட்டில் பழகிக்கொள்ள வேண்டிய சில இயல்புகள் இருக்கின்றன. டிஜிட்டல் சமிக்ஞை நின்று மீண்டும் தொடங்கும்போது, அதை அடையாளம் கண்டுகொள்ள ரிசீவர் சிறிது நேரம் எடுத்துக்கொள்வதால், பாடலின் முதல் எழுத்தோ கணினியின் சிறு அறிவிப்பு ஒலியோ விழுங்கப்பட்டுவிடும். பின்னணியில் மௌன ஒலியை இடைவிடாமல் ஓடவிடும் சிறு மென்பொருள் ஒன்றை வைத்து இதைத் தீர்த்திருக்கிறேன். பாஸ்த்ரூ இயங்கும்போது கணினியின் ஒலியளவுப் பொத்தானுக்கு வேலை இல்லை. மற்ற நிரல்களின் ஒலியும் வெளியே வராது. 44.1 கிலோஹெர்ட்ஸ் இசையையும் 48 கிலோஹெர்ட்ஸ் படங்களையும் மாறி மாறிக் கேட்பவர்கள், விண்டோஸின் ஒலி அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸை நிலையாக வைத்துக்கொண்டு, இசைக்கு மட்டும், விண்டோஸின் ஒலிக்கலவையைத் தவிர்த்து நேரடியாக அனுப்பும் பிரத்தியேக முறையைப் பயன்படுத்தும் பிளேயரை வைத்துக்கொள்ளலாம்.

ஆறு சேனல் அனலாக் உள்ளீட்டை நான் விளையாட்டுகளுக்காக ஒதுக்கியிருக்கிறேன். கணினியின் பச்சை ஜாக் முன் ஸ்பீக்கர்களுக்கும், கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கும், ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரியவை. மூன்று கேபிள்களை இழுத்துவிட்டால் சுருக்கலும் இல்லை, அதனால் வரும் தாமதமும் இல்லை. ஆரஞ்சு ஜாக்கின் இரு சேனல்களும் சில கேபிள்களில் இடம் மாறி வரும். பேச்சு சப்வூஃபரிலிருந்து முணுமுணுத்தால் அந்த இரண்டு ஆர்சிஏ பிளக்குகளையும் மாற்றிச் செருக வேண்டும். இதைவிட முக்கியமானது, பெரும்பாலான பழைய ரிசீவர்கள் இந்த உள்ளீட்டில் எந்தச் செயலாக்கமும் செய்வதில்லை என்பது. சிறிய ஸ்பீக்கர்களிலிருந்து தாழ்ந்த ஒலியைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும் வேலையும், ஸ்பீக்கர் தூரத்துக்கேற்ற தாமதமும் இங்கே கிடைக்காது. திரைப்படத்தின் எல்எஃப்இ என்னும் தாழ்ந்த ஒலிக்கான தனிச் சேனல் மற்றவற்றைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்க வேண்டும் என்பதும் தரத்தில் உள்ள விதி. அதை நாமே கூட்டிக்கொள்ளாவிட்டால் வெடிச்சத்தங்கள் வலுவிழந்து கேட்கும். திரைப்படங்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

எச்டிஎம்ஐ உள்ள சற்றுப் புதிய ரிசீவர் ஒன்றையும் சில காலம் பயன்படுத்திப் பார்த்தேன். எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வெளியானபோதே எட்டுச் சேனல் சுருக்கப்படாத ஒலிக்கு இடமளித்தது. ட்ரூஎச்டியை டீகோட் செய்யத் தெரியாத ரிசீவருக்கும் கணினியே அதை விரித்துத் தெளிவாக அனுப்ப முடியும். ஒலி அருமையாக இருந்தது. ஆனால் எச்டிஎம்ஐயில் ஒலி படத்தோடு இணைந்தே செல்வதால், கணினி ரிசீவரை இன்னொரு திரையாகக் கருதுகிறது. ரிசீவரை அணைத்ததும் சாளரங்கள் இடம்பெயர்கின்றன, மவுஸ் கண்ணுக்குத் தெரியாத திரைக்குள் நழுவிப் போகிறது. படத்தை அதன் வழியாகவே தொலைக்காட்சிக்கு அனுப்பினால், 4கே காட்சி பழைய சர்க்யூட்டில் தடைபடுகிறது. ஆரம்பகால மாதிரிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் அது படத்தை மட்டுமே கடத்தும், ஒலியை எடுத்துக்கொள்ளாது; பயன்படுத்திய கருவியை வாங்குவோர் கையேட்டில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

புளூடூத் ரிசீவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டீரியோ மட்டுமே கிடைக்கும், தாமதமும் உண்டு; பின்னணியில் பாட்டு ஓடினால் போதும் என்பவர்களுக்கு அது பொருந்தும்.

ஸ்டீரியோ மட்டுமே உள்ள பழைய படங்களுக்கு ஸ்டீரியோவைப் பல சேனல்களாகப் பிரிக்கும் ரிசீவரின் டால்பி ப்ரோ லாஜிக் 2 என்ற வசதி மிகவும் உதவுகிறது. இரு சேனல்களிலும் ஒன்றாக வரும் பேச்சை அது நடு ஸ்பீக்கருக்கு நகர்த்தி, மாறுபட்டவற்றைப் பின்புறத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மோனோ ஒலியுள்ள கறுப்பு வெள்ளைப் படங்களில் இரு சேனல்களும் ஒன்றே என்பதால் பேச்சும் பாடலும் முழுவதுமாக நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகின்றன. வசனங்கள் திரையின் நடுவிலிருந்து தெளிவாகக் கேட்பதால் அத்தகைய படங்களுக்கு ப்ரோ லாஜிக் 2-இன் மூவி மோடையே வைத்திருக்கிறேன். இசையை மட்டும் கேட்கும்போது எல்லாச் செயலாக்கத்தையும் அணைத்து, ஸ்டீரியோவாகவே விட்டுவிடுகிறேன்.