கன்சாஸ் நார்ட்டன்ல தோத்தவங்களுக்குன்னே ஒரு கேலரி, வழி சுத்தினாலும் பரவாயில்ல போய்ப் பாருங்க

இந்தியால இருந்து வந்திருந்த அம்மா 2024 பிரசிடென்ட் எலக்ஷன்ல கமலா ஹாரிஸ் தோத்ததுல இருந்தே ஒரே கேள்விதான் கேட்டுட்டு இருந்தாங்க, "கமலா இனிமே என்னடி பண்ணுவா?"ன்னு. மேடையில "சித்தி"ன்னு ஒரு வார்த்தை சொன்னதுல இருந்து அம்மாவுக்கு அவங்க நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி ஆயிட்டாங்க. எனக்கு பதில் தெரியல, அதான் டென்வர்ல இருந்து கன்சாஸ் போற வழியில இந்த இடத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன்.

பேரு 'தே ஆல்ஸோ ரேன்' கேலரி, அதாவது இவங்களும் நின்னாங்கன்னு அர்த்தம். பிரசிடென்ட் எலக்ஷன்ல தோத்தவங்க படம் வரிசையா மாட்டி வச்சிருக்காங்க. தனி பில்டிங்னு தேடாதீங்க, நார்ட்டன் ஊர்ல ஃபர்ஸ்ட் ஸ்டேட் பேங்க் உள்ள மெஸனைன்ல, அதாவது கீழ்த்தளத்துக்கு மேல இருக்கிற இடைமாடியிலதான் இருக்கு, டிக்கெட் கிடையாது. பேங்க் திறந்திருக்கிற நேரத்துலதான் பாக்க முடியும், அதோட கொலராடோ பக்கம் இருந்து வர்றவங்க ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, நார்ட்டன்ல மணி நமக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது, அத மறந்துட்டு வந்தா மூடின கதவைத்தான் பாக்கணும்.

1965ல இத ஆரம்பிச்சவர் அந்த பேங்க்கோட தலைவர் டபிள்யூ.டபிள்யூ. ரௌஸ். காரணம் ஹோரஸ் க்ரீலி, நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகைய ஆரம்பிச்சவர், 1859ல குதிரை வண்டியில இந்தப் பக்கமா போயிருக்கார், அப்புறம் 1872ல அப்போ பிரசிடென்ட்டா இருந்த கிராண்ட்ட எதிர்த்து நின்னு தோத்தார். அம்மா அவர் முகத்துகிட்டயே ரொம்ப நேரம் நின்னுட்டாங்க, மூக்குக்கண்ணாடி, தாடைக்குக் கீழ கழுத்தச் சுத்தி மட்டும் வெள்ளைத் தாடி. எலக்ஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி மனைவி இறந்துட்டாங்க, எலக்ஷன் முடிஞ்சு ஒரு மாசம் ஆகறதுக்குள்ள, மாநிலங்கள் சார்பா பிரசிடென்ட்ட முறைப்படி தேர்ந்தெடுக்கிற எலக்டர்கள் ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே இவரும் போயிட்டார்னு நான் சொன்னதும் அம்மா கண்ணாடிய கழட்டி துடைச்சுகிட்டாங்க.

இங்க வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுட்டு வாங்க, அப்பதான் ஒவ்வொரு முகமும் பேசும். எனக்கு பட்டது என்னன்னா, தோத்த மறுநாள் காலைல திரும்பிப் போக ஒரு சீட் இருந்தவங்களுக்கு வாழ்க்கை ஓடிருச்சு. மெக்கெய்ன் 2008ல தோத்தார், ஆனா 2018ல சாகற வரைக்கும் செனட்டர். கெர்ரியும் 2004க்கு அப்புறம் செனட்டுக்கே திரும்பி, 2013ல வெளியுறவு அமைச்சரே ஆயிட்டார். இதே கன்சாஸ்காரர் பாப் டோல் 1996ல பிரச்சாரத்துக்காக செனட் பதவியையே ராஜினாமா பண்ணிட்டு நின்னார், தோத்ததும் போக இடம் இல்ல, அதோட தேர்தல் அரசியல் முடிஞ்சுது. கோல்ட்வாட்டரும் 1964ல சீட்ட விட்டுட்டுதான் நின்னார், ஆனா அவர் 1968ல மறுபடி செனட்டுக்கு நின்னு ஜெயிச்சு 1987 வரைக்கும் இருந்தார், அந்த மனசுதான் பெருசு. எனக்கு ரொம்பப் பிடிச்சது சார்ல்ஸ் எவன்ஸ் ஹ்யூஸ், 1916ல நூலிழையில தோத்தவர், பின்னாடி வெளியுறவு அமைச்சர், அப்புறம் 1930ல சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி. கன்சாஸ் கவர்னரா இருந்த லாண்டன் கதை வேற, 1936ல மெய்ன், வெர்மான்ட்னு ரெண்டே மாநிலத்துலதான் ஜெயிச்சார், சொந்த கன்சாஸே கைவிட்டுருச்சு, அப்புறம் அவர் எந்த தேர்தலுக்கும் நிக்கல, ஆனா மகள் நான்சி 1978ல செனட்டரா ஜெயிச்சப்ப அத பாக்க உயிரோட இருந்தார், 100 வயசு வாழ்ந்த மனுஷன்.

கமலா விஷயத்துக்கு வர்றேன். அந்தக் காலத்துல ப்ரையன்னு ஒருத்தர அவர் கட்சி மூணு தடவை நிறுத்தினாங்க, ஸ்டீவன்சன் 1952ல தோத்தும் 1956ல நிறுத்தினாங்க, அதுக்கப்புறம் தோத்தவருக்கு பெரிய கட்சி மறுபடி வாய்ப்பு குடுத்தது நிக்சனுக்கும் ட்ரம்ப்புக்கும் மட்டும்தான். நிக்சன் 1962ல கலிஃபோர்னியா கவர்னர் எலக்ஷன்லயும் தோத்து, எல்லாரும் கதை முடிஞ்சுதுன்னு நினைச்சப்புறம் 1968ல ஜெயிச்சார். கமலா அதே கலிஃபோர்னியா கவர்னர் பதவிக்கு நிக்கமாட்டேன்னு 2025 ஜூலைல சொல்லிட்டாங்க. இந்தப் படங்கள பாத்ததுக்கு அப்புறம் எனக்கு அது வருத்தமாத்தான் இருக்கு, 107 நாள்ல அவ்வளவு பெரிய பிரச்சாரத்த தூக்கி நிறுத்தினவங்க சும்மா காத்திருக்கக் கூடாது, கையில ஒரு வேலை, ஒரு பொறுப்பு இருக்கணும். அம்மா ஒத்துக்கல, "அவ களைச்சுப் போயிருப்பாடி, கொஞ்சம் மூச்சு விடட்டும்"னாங்க.

ஒரு மணி நேரம் போதும்னு நினைச்சுப் போனோம், ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. 5க்கு 5 தாராளமா குடுப்பேன். இந்தப் பக்கம் வர்றவங்க முடிஞ்சா மேற்கு கன்சாஸ்ல க்ரீலி கவுன்ட்டிக்கும் போங்க, ஹோரஸ்னு ஒரு ஊரு, ட்ரிப்யூன்னு ஒரு ஊரு, எல்லாம் அந்தத் தோத்த மனுஷன் நினைவா வச்ச பேருதான். அடுத்த தடவை அம்மா வரும்போது அங்கதான் போறோம்.