முகநூலா, டெலிகிராமா, மாஸ்டடானா? தோட்டப்புற ஊருக்கு எது தோதுப்படும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் கோயில் திருவிழா அறிவிப்பு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம், தீபாவளி முறுக்கு ஆர்டர் எல்லாம் முகநூலில்தான் ஓடுகின்றன. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனால் பக்கத்தைப் பின்தொடரும் எல்லாருக்கும் பதிவு போய்ச் சேராது. யாருக்குக் காட்டுவது என்பதை முகநூலின் கணினி நிரல் முடிவு செய்கிறது. மற்றவர்களுக்கும் போக வேண்டுமா, காசு கொடுத்து ‘பூஸ்ட்’ செய் என்கிறது. 50 வெள்ளிக்கு (ரிங்கிட்) பூஸ்ட் செய்தால் 8 விழுக்காடு சேவை வரி 4 வெள்ளி தனி. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பேராக் என்று விட்டுவிட்டால் பணம் ஈப்போ நகரில் கரைந்துவிடும். வரைபடத்தில் ஊரின் மேல் புள்ளி வைத்துச் சுற்றளவைச் சுருக்குங்கள். முறுக்கு விற்பவருக்கு இது கட்டுப்படியாகும். கோயில் கமிட்டிக்கு வீண்செலவு.

தணிக்கை என்றதும் அரசியல்தான் நினைவுக்கு வரும். கோயில் பக்கத்துக்கு அடி விழுவது பாட்டால். நேரலையின்போது ஒலிபெருக்கியில் பதிவு செய்த பக்திப்பாட்டு ஓடினால், உரிமை வைத்திருக்கும் நிறுவனத்தின் ஒலியோடு நிரல் ஒப்பிட்டு அந்தப் பகுதியை ஊமையாக்கும், சில வேளை நேரலையையே நிறுத்தும். திறன்பேசியை நாதஸ்வரத்தின் பக்கம் வையுங்கள், ஒலிபெருக்கியின் பக்கம் வேண்டாம். அலகு குத்தும் காட்சியை நெருக்கத்தில் முகப்புப் படமாக வைப்பதையும் தவிருங்கள். அதை வன்முறையென்று நிரல் மூடிவிடக்கூடும். நீக்கினால் முறையிடலாம்தான். 2024 ஆகஸ்டில் பிரதமர் அன்வாரின் பதிவையே நீக்கிவிட்டுப் பிறகு முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தோட்டத்துக் கமிட்டிக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது: 2025 பிப்ரவரி 19 முதல் முகநூல் நேரலைகள் 30 நாளில் தானாக அழிந்துவிடும். தேர் இழுத்த காணொளி வேண்டுமென்றால் அதற்குள் இறக்கிக்கொள்ள வேண்டும்.

டெலிகிராம் அலைவரிசையில் (சேனல்) இந்தத் தொல்லை குறைவு. போட்டது போட்ட வரிசையில் எல்லாச் சந்தாதாரருக்கும் போகும். 2 ஜிபி வரையிலான காணொளியை அப்படியே ஏற்றலாம். ஆனால் வியாபாரம் அறவே இல்லையென்று நம்ப வேண்டாம், பொது அலைவரிசையில் 1,000 பேரைத் தாண்டினால் விளம்பரம் வரும். கருத்துக் குழுவைத் திறந்துவிட்டால் முதலீட்டு மோசடிக்காரர்கள் நுழைவார்கள். உறுப்பினர்கள் படம் போட முடியாதபடி குழு அனுமதியைப் பூட்டுங்கள். குழு உரையாடல் முனைக்கு முனை மறையாக்கம் (பேசுகிறவர்கள் தவிர வேறு யாரும் படிக்க முடியாத பூட்டு) பெற்றதும் அல்ல. கமிட்டியின் கணக்குச் சண்டையை அங்கே வைக்காமல், அந்தப் பூட்டு உள்ள சிக்னல் செயலிக்குக் கொண்டுபோங்கள். சிக்னலில் ஒரு குழுவில் 1,000 பேர் வரை இருக்கலாம்.

மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் தளமல்ல, தனித்தனி ஆட்கள் நடத்தும் வழங்கிகளின் (சர்வர்) பின்னல். அங்கே விளம்பரமே கிடையாது. 500 எழுத்து எழுதலாம்.  பதிவை நீக்கினால் யார் நீக்கினார் என்று தெரியும், வழங்கி நடத்துபவருக்கே எழுதிக் கேட்கலாம். அவர் அலுத்துப்போய் வழங்கியை மூடிவிட்டால் பின்தொடர்பவர்களை வேறு வழங்கிக்கு மாற்றலாம், பழைய பதிவுகள் கூட வராது. அதுவும் மூடுவதற்கு முன்பே மாறினால்தான். எழுதுகிறவர்களுக்கு நல்ல இடம். லயத்துப் பாட்டியும் கடைக்கார அண்ணனும் அங்கே வரமாட்டார்கள் என்பதால் ஊர்ப் பக்கத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சின்னத் தளத்துக்குப் போனால் சட்டம் தொடராது என்பது தப்புக் கணக்கு. 80 லட்சம் பயனர் இருந்தால் உரிமம் வேண்டும் என்ற மலேசிய விதி தளத்துக்கு. ஆபாசம், மிரட்டல் போன்ற பதிவுகளைத் தண்டிக்கும் 1998 தொடர்புச் சட்டத்தின் 233ஆம் பிரிவு எழுதியவருக்கு, எந்தத் தளத்தில் எழுதினாலும்.

ஆகவே ஊருக்குத் தோதானது: அறிவிப்பின் மூலப்பிரதி டெலிகிராமில், அதன் இணைப்பு முகநூலிலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும். ஆண்டுக்கொருமுறை முகநூல் பக்கத்தின் தகவலை இறக்கும்போது ஹெச்டிஎம்எல் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் (JSON) வடிவத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து குறியீடுகளாக வரும். டெலிகிராம் அலைவரிசையை இறக்க, கணினிச் செயலியில் மூன்று புள்ளியைத் தட்டினால் ஏற்றுமதி இருக்கும். திறன்பேசிச் செயலியில் தேடிப் பயனில்லை.