இரவுத் தேத்தண்ணி: துளசியா, வில்வம்பூவா, ஆவரசா?

பொழுதுபட்ட பிறகு பிளேன்ரீ குடித்தால் எனக்கு நடுச்சாமம் மட்டும் முகட்டைப் பார்த்தபடிதான் கிடை. தேயிலையில் இருக்கிற, நித்திரையைக் குழப்பும் கஃபீன் உடம்பில் ஏறினால் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் செல்லும். அதால் வீட்டைச் சுற்றிக் கிடைப்பதை அவித்துக் குடித்துப் பார்த்தேன். மூன்றிலும் கஃபீன் இல்லை. அதற்காக நித்திரைக் குளிசைபோல நினைக்க வேண்டாம்.

துளசி முற்றத்திலேயே நிற்கிறது, காசில்லை. ஆனால் பிழைவிடுவதும் இதில்தான். முதல்நாள் கேத்திலுக்குள் போட்டுக் கொதிக்க விட்டேன். குசினி முழுக்க மணந்தது, கோப்பைக்குள் மணமே இல்லை. கராம்பிலும் உள்ள யூஜினோல்தான் துளசியின் காரவாசம், கொதிக்கக் கொதிக்க அது ஆவியோடு போய்விடும். 8, 10 இலையைக் கசக்கிக் கோப்பையில் போட்டு, கொதிதண்ணி ஊற்றி, தட்டத்தால் மூடி 5 நிமிடம் விடுங்கோ. தட்டத்தின் அடியில் முத்துமுத்தாய் நிற்கும் தண்ணியையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கோ. மணம் அதில்தான் இருக்கு.

வில்வம்பூ இதற்கு நேர்மாறு. காய்ந்த பூவில் வெறுமனே கொதிதண்ணி ஊற்றினால் ஒன்றும் இறங்காது. மூன்று கோப்பைத் தண்ணி இரண்டாக வற்றுமட்டும் மெல்லிய நெருப்பில் வைக்க வேணும். கடையில் பெலிமல் என்று சிங்களப் பெயரில் கேட்டால் தருவார்கள். மரம் பக்கத்தில் நின்றால், பூக்கும் காலத்தில் சாக்கு விரித்துப் பொறுக்கி, நிழலில் காயவிடலாம். மணம் அருமை, ஆனால் களைத்து வந்த இரவில் அடுப்படியில் காவல் நிற்க எனக்குப் பொறுமையில்லை.

கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய கமோமைல் பூத் தேத்தண்ணிப் பெட்டியும் இருக்கு. எனக்கு அது வைக்கோல் ஊறவைத்த தண்ணி.

நான் கடைசியில் நின்றது ஆவரசம்பூவில். பிளேன்ரீ குடித்துப் பழகின நாக்கு தேடுவது துவர்ப்பை. துளசியில் அது இல்லை, ஆவரசில் இருக்கு. ஒரு சின்னக் கைபிடி காய்ந்த பூ, இரண்டு கோப்பைத் தண்ணி, 5 நிமிடக் கொதி, கடிக்கப் பனங்கட்டி. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பனங்கட்டியை விடுங்கோ. ஆவரசும் சீனியை இறக்கக்கூடியது என்பதால், தினமும் குடிக்க முதல் டொக்டரிடம் ஒரு சொல் கேளுங்கோ.

போன கிழமை ஐயாவுக்கு ஒன்றும் சொல்லாமல் ஆவரசை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு முடறு குடித்துவிட்டுக் கோப்பையை விளக்குக்கு நேரே சரித்துப் பார்த்தார்.

"சாயம் காணாது பிள்ளை. தூள் முடிஞ்சு போச்சோ?"