மார்க், ஏ7வி, ரெனோ எஃப்டி: முதல் டாங்கிகளில் எது தேறும்?

முதல் உலகப் போரில் பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் மூன்றுக்கும் ஒரே தலைவலிதான். முள்கம்பி வேலி, அதற்குப் பின்னால் இயந்திரத் துப்பாக்கி, அதற்கும் பின்னால் வரிசை வரிசையாகப் பதுங்குகுழிகள். இவற்றைத் தாண்டி எதிரியின் பக்கம் போய்ச் சேருவது எப்படி? மூன்று நாடுகளும் செய்த வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரே வேலைக்குச் செய்தவை என்று நம்பவே கடினமாக இருக்கும்.

முதலில் களம் இறங்கியது பிரிட்டனின் மார்க் 1. 1916 செப்டம்பர் 15, பிரான்ஸின் சோம் போர்முனையில் ஃப்ளேர்ஸ்-கூர்செலெத். சுமார் 28 டன் எடை, 105 குதிரைத்திறன், எட்டு பேர். சாய்சதுர உடம்பைச் சுற்றி மேலும் கீழுமாகச் சங்கிலிப் பட்டை ஓடும். பார்க்க விகாரமாக இருந்தாலும் அந்த வடிவத்தில்தான் சூட்சுமம். முன்பக்கம் உயர்ந்து, உடம்பு நீண்டிருந்ததால் மூன்று மீட்டருக்கு மேல் அகலமான குழியையும் தாண்டிவிடும். மேலே சுழல் கோபுரம் வைத்தால் வண்டி தலைகனத்துவிடும் என்று, பீரங்கிகளை இரண்டு பக்கவாட்டிலும் பொருத்தினார்கள்.

வெளியே இப்படி என்றால் உள்ளே நரகம். எஞ்சின் ஆட்களுக்கு நடுவிலேயே, தடுப்புச் சுவர்கூட இல்லாமல் ஓடியது. அனல், பெட்ரோல் நெடி, கார்பன் மோனாக்சைடு. வெளிக்கவசத்தில் குண்டு பட்டால் உள்பக்கம் உலோகச் சிதறல் தெறிக்கும். அதற்காகவே தோலும் இரும்பு வளையமும் கலந்த முகமூடி கொடுத்திருந்தார்கள். வண்டியைத் திருப்புவது தனிக் கூத்து. ஓட்டுநர், வண்டியின் தளபதி, பின்னால் இரண்டு கியர்காரர்கள் என்று நான்கு பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எஞ்சின் மூடியில் தட்டி, கையால் சைகை காட்டித்தான் எந்தப் பக்கத்துக் கியரை மாற்றுவது என்று சொல்வார்கள். ஒரே ஆள் ஓட்டும்படி ஆனது 1918இல் வந்த மார்க் 5இல்தான்.

ஜெர்மனியின் ஏ7வி காகிதத்தில் அசத்தும். முன்புறக் கவசம் 30 மில்லிமீட்டர். மார்க் 1, அதன் பின்வந்த மார்க் 4 வண்டிகளின் கவசமோ 12ஐத் தாண்டவில்லை. இரண்டு டெய்ம்லர் எஞ்சின்கள், தலா 100 குதிரைத்திறன். சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வரை போகும். மார்க் வண்டியில் சுருள்வில்லே கிடையாது, இதில் உண்டு. முன்னால் ஒரு 57 மில்லிமீட்டர் பீரங்கி, சுற்றிலும் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள், உள்ளே 18 பேர்.

ஆனால் போர் நடந்தது சாலையிலா? வண்டியின் அடிவயிறு தரையோடு ஒட்டியிருந்தது, சங்கிலிப் பட்டையோ குட்டை. அகலமான குழி வந்தால் அவ்வளவுதான். ஓட்டுநர் மேலே நடுவில் உட்கார்ந்திருந்ததால் மூக்குக்குக் கீழே இருக்கும் தரை அவர் கண்ணுக்குத் தெரியாது. 1918 ஏப்ரல் 24, வில்லெர்-ப்ரெத்தோன்னோ தாக்குதலில் எல்ஃப்ரீடெ என்ற ஏ7வி குழிக்குள் கவிழ்ந்தது. மெஃபிஸ்டோ என்ற இன்னொன்று குண்டுப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. அதே நாளில்தான் வரலாற்றின் முதல் டாங்கி-டாங்கி மோதலும். எதிரில் வந்த மூன்று மார்க் 4களில் இரண்டில் இயந்திரத் துப்பாக்கி மட்டுமே. அவை ஏ7வியின் கவசத்தைக் கீறக்கூட முடியாமல், அடிபட்டுப் பின்வாங்கின. பீரங்கி வைத்திருந்த மூன்றாவது வண்டிதான் நிக்ஸெ என்ற ஏ7வியை அடித்து முடக்கியது.

ஏ7வியைப் பற்றி இன்னும் அலசத் தேவையில்லை. மொத்தம் செய்ததே 20. ஜெர்மன் படை அதைவிட அதிகமாகக் கைப்பற்றிய பிரிட்டிஷ் டாங்கிகளைத்தான் ஓட்டியது.

அடுத்து ரெனோ எஃப்டி. பிரான்ஸின் முந்தைய முயற்சிகள் இரண்டும் சொதப்பல்: ஷ்னைடர் எளிதில் தீப்பற்றியது, சாங்-ஷாமோன் தன் நீண்ட மூக்காலேயே பள்ளங்களில் குத்திக்கொண்டு நின்றது. எஃப்டி வேறு தினுசு. எடை ஏழு டன்னுக்குள், இரண்டே ஆட்கள். ஓட்டுநர் முன்னால், எஞ்சின் பின்னால் தனி அறையில், நடுவில் முழு வட்டம் சுழலும் கோபுரம். இன்றைய டாங்கிகளில் பெரும்பாலானவை இதே அமைப்பில்தான் இருக்கின்றன. தளபதி திசை சொல்வது காலால்: ஓட்டுநரின் தோளில் உதைத்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

எஃப்டியின் உண்மையான பலம் எண்ணிக்கை. பெரிய வண்டி ஒன்றுக்குப் பதில் சின்ன வண்டிகள் கூட்டமாகப் பாய வேண்டும் என்பது ஜெனரல் எஸ்தியென்னின் திட்டம். பிரான்ஸ் 3,000க்கு மேல் செய்தது. லாரியில் ஏற்றியே களத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. அமெரிக்கா, இத்தாலி, சோவியத் மூன்றும் இதைப் பார்த்துத்தான் தங்கள் டாங்கிகளைச் செய்யத் தொடங்கின.

அப்படியென்றால் எஃப்டிதான் சிறந்ததா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இரண்டு மீட்டர் குழியே அதற்குச் சிரமம். பின்னால் ஒரு இரும்பு வால் மாட்டியும் மார்க் தாண்டும் அகலத்தை அது நெருங்கவில்லை. 1917 நவம்பரில் கம்ப்ரேயில் மார்க் வண்டிகள் விறகுக் கட்டுகளைக் குழியில் போட்டு ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் அரணைத் தாண்டிய வேலையை எஃப்டி செய்திருக்காது. அது களம் கண்ட 1918 மே இறுதியில் போர் திறந்தவெளிக்கு நகரத் தொடங்கியிருந்தது. 1916இன் சேற்றுக்கு என்றால் என் ஓட்டு மார்க்குக்கே.

எஃப்டியிடமிருந்து பிரான்ஸ் ஒரு கெட்ட பழக்கத்தையும் எடுத்துக்கொண்டது. கோபுரத்தில் ஒரே ஆள்: குறி பார்ப்பதும் அவர், பீரங்கியில் குண்டு நிரப்புவதும் அவர், சுடுவதும் அவர், ஓட்டுநருக்கு வழி சொல்வதும் அவர். இரண்டு பேர் வண்டியில் வேறு வழியில்லை, சரி. ஆனால் 1940இல் பல மடங்கு பெரிய சோமுவா எஸ்35, ஷார் பி1 வண்டிகளிலும் அதே ஒற்றை ஆள் கோபுரம். எதிரே வந்த ஜெர்மனியின் பான்சர் 3இன் கோபுரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். தளபதிக்கு களத்தைப் பார்ப்பது மட்டுமே வேலை.